பெரிய சாலையில் வேகத்தைத் தணித்தால் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களுக்கு என்ன ஆகும்?

பரபரப்பான ஒரு சாலையில் வேகத்தைத் தணிக்கும் ஏற்பாடுகளைச் செய்தால், அங்கே ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களுக்குள் புகுந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த அச்சம் நியாயமானது. சில இடங்களில் அப்படி நடந்திருக்கிறது. வேறு பல இடங்களில் நடக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலானது அன்று, பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்கக்கூடியது. வண்டி ஓட்டுபவர் தெருவுக்குள் திரும்புவதற்குக் காரணம், அந்த வழியில் போனால் முன்னதாகப் போய்ச் சேரலாம் என்ற எண்ணமே. பெரிய சாலையில் வேகம் குறைந்தது மட்டும் அதற்குப் போதுமான காரணம் ஆகாது. ஆகவே, பெரிய சாலையில் செய்யும் வேலை சந்திப்புகளில் வரிசையை நீட்டுகிறதா, பக்கத்துத் தெரு வேகமாக ஓட்டுவதற்கு இடம் கொடுக்கிறதா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் க்ளென் வார்ட்ராப் 1952இல் எழுதிய ஒரு கொள்கை இன்றும் போக்குவரத்துக் கணக்கீடுகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. ஒவ்வொருவரும் தமக்குக் குறைந்த நேரம் பிடிக்கும் வழியைத் தேடிப் போகும்போது, பயன்பாட்டில் இருக்கும் எல்லா வழிகளிலும் பயண நேரம் ஏறக்குறைய சமமாகிவிடும் என்பதும், அந்த நேரத்தைவிட அதிகம் பிடிக்கும் வழியில் யாரும் போகமாட்டார்கள் என்பதும் அதன் சாரம். இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. தெரு வழியே போவதற்கு ஆகும் நேரம், தணிப்புக்குப் பிறகும் பெரிய சாலையில் ஆகும் நேரத்தைவிட அதிகமாகவே இருந்தால் வண்டிகள் திரும்பா. அப்படியே திரும்பினாலும், தெருவில் கூட்டம் சேரச்சேர அந்த வழியின் ஆதாயம் கரைந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோகும். ஆனால் அந்தக் கட்டம் தெருவில் வசிப்பவர்கள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிய பிறகு வந்தால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

ஓர் உதாரணக் கணக்கு இதைத் தெளிவாக்கும். பெரிய சாலையின் ஒரு பகுதி 1.5 கிலோமீட்டர் நீளம், இடையில் உள்ள சிக்னல்களில் சராசரியாக 40 நொடி காத்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 108 நொடி. காத்திருப்பையும் சேர்த்தால் 148 நொடி. வேகத்தை 30 ஆகக் குறைத்தால் அது 220 நொடி ஆகிறது. இதற்கு இணையாகத் தெருக்கள் வழியே வளைந்து போகும் பாதை 1.8 கிலோமீட்டர், அதில் நான்கு திருப்பங்களில் நின்று பார்த்துத் திரும்ப மொத்தம் 40 நொடி. அந்தத் தெருக்கள் அகலமாகவும் தடையில்லாமலும் இருந்து, ஓட்டுபவர் அங்கே 45 கிலோமீட்டர் வேகத்தில் போக முடிந்தால் மொத்தம் 184 நொடி ஆகும். தணிப்புக்கு முன் இது வீண் சுற்று. தணிப்புக்குப் பின் 36 நொடி ஆதாயமான குறுக்குவழி. அதே தெருக்களின் அமைப்பு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட விடாததாக இருந்தால் 256 நொடி ஆகிவிடும். பெரிய சாலையே அப்போதும் விரைவான வழியாக இருக்கும். இப்போது பெரிய சாலையில் வேகத்தைத் தணித்ததோடு நில்லாமல், சந்திப்பில் இருந்த ஒரு தடத்தையும் எடுத்துவிட்டதால் உச்ச நேரத்தில் வரிசை நீண்டு இன்னும் 90 நொடி கூடுகிறது என்று கொள்வோம். 220 என்பது 310 ஆகிறது. மெதுவான தெருவும் குறுக்குவழி ஆகிவிடுகிறது.

இந்தக் கணக்கில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கடைசிப் பகுதியைத்தான். நகரச் சாலையின் கொள்ளளவை முடிவு செய்பவை சந்திப்புகள். இடைப்பட்ட நீளம் அரிதாகவே அதை முடிவு செய்கிறது. ஒரு தடத்தில் பச்சை விளக்கு தொடர்ந்து எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 1,800 வண்டிகள் கடக்கலாம். ஆனால் அந்தத் திசைக்குப் பச்சை 40 சதவீத நேரமே கிடைத்தால் கடக்கக்கூடியவை சுமார் 720தான். சந்திப்புகளுக்கு இடையே வண்டிகள் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றுக்குப் பின் ஒன்று 2 நொடி இடைவெளி விட்டு ஓடினாலும் மணிக்கு 1,400 அளவில் போக முடியும். அதாவது, நடுவழியில் வேகத்தைத் தணிப்பது சாலையின் கொள்ளளவை அநேகமாகத் தொடுவதே இல்லை. அடுத்த சிக்னலின் வரிசையில் போய் நிற்பதற்காக 50 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்தவர், இனி 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் அதே வரிசையில் சற்றுக் குறைந்த நேரம் நிற்பார். நெரிசல் நேரத்தில் இதனால் மொத்தப் பயண நேரம் பெரிதாக மாறுவதில்லை. வேகத் தணிப்பு என்ற ஒரே பெயரில் வரும் திட்டங்களில் எது சந்திப்பைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று பிரித்துப் பார்க்கும்படி நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

சில தணிப்பு முறைகள் தெருக்களுக்குள் திரும்பும் தூண்டுதலையே குறைக்கின்றன. நான்கு தடச் சாலையை, திசைக்கு ஒரு தடமும் நடுவில் திரும்புவதற்கென ஒரு தடமுமாக மாற்றுவது அத்தகையது. நான்கு தடச் சாலையில் எதிர்ப்புறம் திரும்ப நினைப்பவர் உள்தடத்தை அடைத்துக்கொண்டு நிற்பார். பின்னால் வருபவர்கள் திடீரென்று தடம் மாறுவார்கள். நடுத் தடம் வந்ததும் இந்தத் தொல்லை ஒழிகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் இத்தகைய மாற்றங்களால் விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைந்ததாகச் சொல்கிறது. நாளொன்றுக்கு 20,000 வண்டிகள் வரை செல்லும் சாலைகளை இதற்கு ஏற்றவையாகக் கருதலாம் என்றும் சொல்கிறது. சிக்னல்களை ஒருங்கிணைப்பது இன்னொரு வழி. சான் பிரான்சிஸ்கோவின் வலென்சியா தெருவில் 2009 முதல் சிக்னல்கள் மணிக்கு 13 மைல், அதாவது சுமார் 21 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குத் தொடர்ந்து பச்சை கிடைக்கும்படி அமைக்கப்பட்டன. வேகமாக ஓட்டினால் சிவப்பில் நிற்க வேண்டும். நிதானமாக ஓட்டினால் நிற்க வேண்டியதில்லை. இப்படிச் செய்யும்போது வேகம் குறைந்தும் காத்திருப்பு கூடாமல் இருக்கிறது.

அடுத்ததாக, எண்ணிக்கையை எப்படிப் படிப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். நாளொன்றுக்கு 15,000 வண்டிகள் ஓடும் சாலையிலிருந்து 4 சதவீதம் மட்டும் விலகுகிறது என்றால் அது 600 வண்டி. பெரிய சாலையின் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாத மாற்றம். 800 வண்டிகள் மட்டும் போய்வந்த ஒரே தெருவில் அந்த 600உம் சேர்ந்தால் அது 75 சதவீத உயர்வு. திட்ட அறிக்கையில் 'விலகல் மிகக் குறைவு' என்று எழுதியவரும், 'எங்கள் தெரு பாழாகிவிட்டது' என்று சொல்பவரும் ஒரே நிகழ்வைத்தான் பேசுகிறார்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். 1960களின் இறுதியில் நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் நாளொன்றுக்கு சுமார் 2,000, 8,000, 16,000 வண்டிகள் ஓடிய மூன்று தெருக்களை ஒப்பிட்டார். குறைந்த போக்குவரத்து உள்ள தெருவில் வசித்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். அதிகப் போக்குவரத்து உள்ள தெருவில் ஒருவருக்கும் குறைவு. அமைதியான தெருக்காரர்கள் வாசலையும் நடைபாதையையும் தம் வீட்டின் பகுதியாகவே உணர்ந்தார்கள். மற்றவர்கள் கதவுக்குள் ஒடுங்கிப்போனார்கள். பிரிட்டனில் காலின் புக்கானன் தலைமையில் 1963இல் வெளிவந்த அறிக்கை, ஒரு தெருவில் எத்தனை வண்டிகள் போக முடியும் என்பதும் அங்கே வாழ்பவர்கள் எத்தனை வண்டிகளைத் தாங்க முடியும் என்பதும் வேறு வேறு அளவுகள் என்று நிறுவ முயன்றது. குடியிருப்புத் தெருவைப் பொறுத்தவரை இரண்டாவது அளவே முக்கியம். ஆகவே விலகும் வண்டிகளைப் பெரிய சாலையின் சதவீதமாகச் சொல்லும் அறிக்கையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனியே எண்ணிக்கை கேளுங்கள்.

இனி, எதிர்ப்பக்கத்து உண்மை ஒன்று. போக்குவரத்தைக் குழாயில் ஓடும் தண்ணீர் போல எண்ணுவது நம் பழக்கம்: ஓரிடத்தில் அடைத்தால் அவ்வளவும் வேறிடத்தில் பீறிட்டாக வேண்டும் என்று நினைக்கிறோம். சாலி கேர்ன்ஸ், கார்மன் ஹாஸ்-கிளாவ், ஃபில் குட்வின் ஆகிய மூவரும் 1998இல் பல நாடுகளில் சாலை இடம் குறைக்கப்பட்ட நிகழ்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். 2002இல் அந்தத் தொகுப்பு 70க்கும் மேற்பட்ட நிகழ்வுகளாக விரிந்தது. சுற்றியுள்ள சாலைகளில் ஏற்பட்ட உயர்வைக் கழித்த பிறகும், பாதி நிகழ்வுகளில் முன்பு அங்கு ஓடிய போக்குவரத்தில் 11 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போயிருந்தது. ஓட்டுபவர்கள் புறப்படும் நேரத்தை மாற்றுகிறார்கள். இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடிக்கிறார்கள். அருகிலேயே கிடைப்பதற்காகத் தொலைவு போவதை விடுகிறார்கள். நடக்கிறார்கள், பேருந்தில் ஏறுகிறார்கள். எனினும், இது சராசரியைப் பற்றிய செய்தி என்பதை மறக்கக் கூடாது. நிகழ்வுக்கு நிகழ்வு வேறுபாடு மிக அதிகம். தவிர, இந்தத் தகவமைப்பு ஒரே வாரத்தில் நடந்துவிடுவதில்லை. முதல் சில வாரங்களில் எல்லோரும் எல்லா வழிகளையும் முயன்று பார்ப்பதால் தெருக்களில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். எதிர்ப்பும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அந்த வாரங்களின் எண்ணிக்கையை வைத்துத் திட்டத்தைக் கைவிடுவது தவறு. அதே வேளை, 'தானாகச் சரியாகிவிடும்' என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தவறு.

வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் பேசினால் பக்கத்துத் தெருக்காரர்களுக்குக் கிடைக்கும் நன்மை மறைந்துபோகிறது. பெரிய சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுபவர் ஆபத்தைக் கண்ட நொடியிலிருந்து முழுமையாக நிற்பதற்கு, ஈரமில்லாத சாலையில் சுமார் 28 மீட்டர் எடுத்துக்கொள்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் 13 மீட்டர் போதும். மோதல் நேர்ந்தாலும் அதன் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. தெருவில் வசிக்கும் குழந்தை பள்ளிக்குப் போவதற்கும், முதியவர் எதிர்ப்பக்கக் கடைக்குப் போவதற்கும் கடந்தாக வேண்டியது அந்தப் பெரிய சாலையைத்தான். அதைக் கடப்பது எளிதானால், சாலையைக் கடக்கப் பயந்தே வண்டியை எடுத்த குறுகிய பயணங்கள் நடைப் பயணங்களாகின்றன, தெருவின் சொந்தப் போக்குவரத்தும் சற்றுக் குறைகிறது. தெருவிலிருந்து பெரிய சாலையில் ஏறுவதும் எளிதாகிறது. வேகம் குறைவாக இருக்கும்போது சிறிய இடைவெளியிலும் பாதுகாப்பாக நுழைய முடியும்.

ஆனால் தெருவைக் காக்கும் வேலையைப் பெரிய சாலையின் வேலையோடு சேர்த்தே செய்ய வேண்டும். இதில்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன: பெரிய சாலைக்கு நிதி ஒதுக்கி முடித்துவிட்டு, தெருக்களைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். தெருவின் வாயில் மிக முக்கியம். நடைபாதையைத் தெரு வாயிலின் குறுக்கே அதே உயரத்தில் தொடர்ந்து கொண்டுசென்று, வண்டிகள் அதன்மேல் ஏறி இறங்கித்தான் உள்ளே போக முடியும் என்று செய்வது நெதர்லாந்தில் வழக்கம். திரும்பும் முனையின் வளைவை இறுக்கமாக அமைத்தால் வேகமாக வளைய முடியாது. அந்த இடத்தில் சாலையின் இயல்பு மாறுவதை ஓட்டுபவர் உடலாலேயே உணர்கிறார். அறிவிப்புப் பலகை எதுவும் இதற்கு ஈடாகாது.

உள்ளே வேகத்தடை போடலாம். பிரிட்டனில் 1970களில் வாட்ஸ் என்ற ஆய்வாளர் வடிவமைத்த வட்ட முகட்டு வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 75 முதல் 100 மில்லிமீட்டர் வரை உயரமும் கொண்டது. நிதானமாகப் போனால் உறுத்தாது. குறுகலாகவும் கூர்மையாகவும் தூக்கிப் போடும் மேடுகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தடைகளுக்கு இடையே 100 மீட்டருக்கு மேல் இடம் விட்டால் ஓட்டுபவர்கள் இடையில் வேகத்தைக் கூட்டுகிறார்கள். சத்தமும் புகையும் அதிகமாகின்றன. பேருந்துகளும் கனரக வண்டிகளும் ஓடும் பெரிய சாலையில் இதே தடைகளைப் போடுவதை நான் விரும்புவதில்லை. அருகிலுள்ள வீடுகளில் அதிர்வு ஏற்படும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் ஒவ்வொரு தடையிலும் சில நொடிகளை இழக்கும். அங்கே தடங்களைக் குறுக்குவது, நடுவில் பாதசாரிகள் நின்று கடக்கத் திட்டு அமைப்பது, அகன்ற அச்சுள்ள வண்டிகளின் சக்கரங்கள் இருபுறமும் தடையில்லாமல் போகும்படி குறுகிய மேடுகளை அமைப்பது ஆகியவை பொருத்தமானவை.

குறுக்குவழி என்ற வாய்ப்பே இல்லாமல் செய்வதுதான் உறுதியான தீர்வு. ஒவ்வொரு வீட்டுக்கும் வண்டியில் போக முடியும். ஆனால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற முடியாது. நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் தாராளமாகக் கடக்கலாம். நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரம் 1977இல் தன் மையப்பகுதியை நான்கு பிரிவுகளாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாமல் செய்தது. பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017இல் இதே எண்ணத்தைச் செயல்படுத்தியது. பார்சலோனாவின் பெருங்கட்டங்கள் ஏறத்தாழ 400 மீட்டர் சதுரத்துக்குள் ஒன்பது கட்டடத் தொகுதிகளை இவ்வாறு ஒன்றுசேர்க்கின்றன. இவற்றிலிருந்து அறிய வேண்டியது, தெருவை ஒற்றை ஒற்றையாக மூடக் கூடாது என்பது. ஒரு தெருவை அடைத்தால் வண்டிகள் அடுத்த தெருவுக்குப் போகும். அந்தத் தெருக்காரர்கள் தமக்கும் அடைப்புக் கேட்பார்கள். பெரிய சாலைகளுக்கு இடைப்பட்ட முழுப் பகுதியையும் ஒரே அலகாக எடுத்துத் திட்டமிட வேண்டும். வழிகாட்டிச் செயலிகள் பரவிய பிறகு இதற்கான அவசரம் கூடியிருக்கிறது. முன்பு உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த சந்துகளை இன்று முதன்முறையாக வருபவரின் கைப்பேசியும் காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள லியோனியா என்ற சிற்றூர், 2018 ஜனவரியில் உச்ச நேரங்களில் வெளியூர் வண்டிகள் தன் தெருக்களில் நுழையத் தடை விதிக்கும் அளவுக்குப் போனது. செயலி கணக்கிடுவதும் நொடிகளையே என்பதால், தெருவின் அமைப்பை மாற்றி அங்கே ஆகும் நேரத்தைக் கூட்டினால் செயலியும் வேறு வழியைக் காட்டிவிடும்.

பெரிய சாலையின் ஓரத்திலும் மக்கள் வாழ்கிறார்கள் என்பதை இந்த விவாதங்களில் எளிதாக மறந்துவிடுகிறோம். பல நகரங்களில் அங்கே வசிப்பவர்கள் உள்தெருக்காரர்களைவிட வசதி குறைந்தவர்கள். சத்தத்தையும் புகையையும் நெடுங்காலமாகச் சுமப்பவர்கள். உள்தெருக்களை மட்டும் பூட்டிவிட்டுப் பெரிய சாலையை வேகமாக ஓடவிடுவது அவர்கள்மேல் சுமையை ஏற்றுவதாகும். என் மதிப்பீட்டில், பெரிய சாலையைத் தணிப்பதும் உள்தெருக்களைக் காப்பதும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாக இருந்தால்தான் அது நியாயமான திட்டம்.

உங்கள் பகுதிக்குத் திட்டம் வரும்போது நீங்கள் வற்புறுத்த வேண்டியது அளவீடு. வேலை தொடங்குமுன் பெரிய சாலையிலும், அதற்கு இணையான எல்லாத் தெருக்களிலும், இன்னும் சற்றுத் தொலைவில் உள்ள சாலைகளிலும் குறைந்தது ஒரு வாரம் முழுவதும் வண்டிகளை எண்ண வேண்டும். வேகத்தையும் பதிய வேண்டும். சராசரி வேகம் மட்டும் போதாது. நூற்றில் 85 பேர் எந்த வேகத்துக்குள் ஓட்டுகிறார்கள் என்ற அளவும் வேண்டும். பதிவெண்களை ஒப்பிட்டு, நுழைந்தவற்றில் நிற்காமல் கடந்துபோனவை எத்தனை என்றும் பார்க்க வேண்டும். ஏனெனில் குறுக்குவழிக்காரர்கள் என்று நாம் கருதும் வண்டிகளில் கணிசமானவை நம் தெருவுக்கே வந்துபோகிறவையாகவும் இருக்கக்கூடும். ஆறு மாதம் கழித்தும், ஓராண்டு கழித்தும் அதே இடங்களில், பள்ளி விடுமுறையும் திருவிழாவும் இல்லாத வாரத்தில் மீண்டும் எண்ண வேண்டும். எந்தத் தெருவில் எவ்வளவு கூடினால் என்ன மாற்று ஏற்பாடு செய்யப்படும், அதற்கான பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பவற்றை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் பூந்தொட்டிகளையும் தற்காலிகக் கம்பங்களையும் வைத்துச் செய்து பார்த்து, அளவீடு வந்த பிறகு நிலையான கட்டுமானத்துக்குப் போகும்படியும் கேளுங்கள். எண்ணிக்கை தவறான திசையில் போனால் ஒரே நாளில் இடம் மாற்றிவிடலாம்.